கிறெடிற் ஆறும் ஒரு கைமாத்தும்

எங்கள் கடை திங்கட்கிழமைகளில் பூட்டு. ஊர் உலகம் எல்லாம் சனி ஞாயிறு லீவில் நிற்க நாங்கள் குசினிக்குள் நிற்போம். திங்களன்று எல்லோரும் வேலைக்குப் போய்விட, நாங்கள் வீட்டில் தனிய இருந்து கூரையைப் பார்ப்போம். வருடத்தில் ஒரு சில திங்கள்தான் ஊராரின் லீவும் எங்கள் லீவும் ஒன்றாக வரும். பெப்ரவரியில் வருகிற குடும்ப தினம் அதில் ஒன்று. 2008 இல்தான் ஒன்ராறியோவில் அதை லீவாக்கினார்கள். நான் கனடாவுக்கு வந்ததும் அதே வருடம்தான். அதனால் அந்த லீவு எனக்காகவே விட்டது என்று மனுசிக்குச் சொல்லுவேன்.

2025 குடும்ப தினம் பெப்ரவரி 17. அன்று நாங்கள் ஒன்பது பேர் கிறெடிற் ஆற்றங்கரைக் காட்டுப் பாதையில் நடப்பதாக ஒரு மாதத்துக்கு முன்னரே முடிவாகியிருந்தது. எரின்டேல் பூங்காவில் தொடங்கி கல்ஹாம் பாதை வழியே ஸ்ற்றீற்ஸ்வில் வரை போவது திட்டம். திட்டம் போடுகிற நேரம் எல்லோரும் வீராதிவீரர்கள். ஆனால் அந்தக் கிழமை அடுத்தடுத்து இரண்டு பனிப்புயல் கொட்டியதில் பாதையே காணாமல் போயிருந்தது. முதல்நாள் யாரோ நாயோடு நடந்து மிதித்த ஒற்றையடித் தடம் மட்டும் இருந்தது. அதிலிருந்து காலை வெளியே வைத்தால் முழங்கால் வரைக்கும் தாழும். போதாததற்குக் காற்று. (அன்று பின்னேரம்தான் பியர்சன் விமான நிலையத்தில் டெல்ரா விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த 80 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து ரீவி போட்ட பிறகுதான் அது தெரியும்.)

குழுவில் யார் யார் என்று சொல்லவேண்டும். இரண்டு சோடிகள், முன்னர் ஊரில் படிப்பித்த ஒரு ரீச்சர் அக்கா, வீடு விற்கிற நண்பர் ஒருவர், அவருடைய பல்கலைக்கழகம் போகும் மகள், நான். ஒன்பதாவது ஆள் அண்ணை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. கையில் ஒரு பழைய ஹொக்கி மட்டை. அதுதான் ஊன்றுகோல். "தம்பி, கனகராயன் ஆறு பெருகிவரேக்கை மாட்டோடை கடந்தனான், உது என்ன உறைஞ்சு போய்க் கிடக்கிற ஆறு" என்றுதான் வந்தார். அவர் வன்னி ஆள். நான் யாழ்ப்பாணம், வசாவிளான். எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்லிக்கொள்ள வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் ஓடி, கோடையில் மாடு மேய்கிற ஆறு. அதனாலோ என்னவோ ஓடுகிற தண்ணீரைக் கண்டால் எனக்கு இப்பவும் ஒரு புதினம்.

கிறெடிற் ஆறு கரையோரம் உறைந்து நடுவில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரேஞ்ச்வில் பக்கத்து மேட்டில் பிறந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஓடி போர்ட் கிறெடிற்றில் ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது. மிசிசாகாவில் இருபது வருடம் வீடு வைத்திருப்பவர்கள்கூட இதைப் பாலத்துக்கு மேலால் காரில் கடந்திருப்பார்களே தவிரக் கரையில் நின்று பார்த்திருக்கமாட்டார்கள். நானும் முதல் ஆறு வருடம் அப்படித்தான். டன்டாஸ் வீதி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது யன்னலால் ஒரு பள்ளம் தெரியும், அவ்வளவுதான்.

கொஞ்சத் தூரம் போனதும் வீட்டு நண்பர் தொழிலை விடாமல் மேட்டைக் காட்டி, "உந்தப் பக்கம் மிசிசாகா றோட்டிலை ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீடு என்ன விலை தெரியுமோ?" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ரீச்சர் அக்கா மட்டும், "அது சரி, ஏன் இந்த ஆத்துக்குக் கடன் எண்டு பேர்?" என்று கேட்டா. கிறெடிற் கார்ட் எல்லோரிடமும் இருந்தது, பெயர் ஒருவருக்கும் தெரியாது. யாழ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப்போய் 2006 இல் பாதை பூட்டியதோடு மூன்றாம் வருடத்தில் விட்டவன் நான். விட்ட குறை தொட்ட குறையாக இங்கே நூலகத்தில் கிடந்து இந்த ஆற்றைப் பற்றி வாசித்தவனும் நான்தான். பிடித்துக்கொண்டேன். அன்று அவர்களுக்குக் குளிரோடு சேர்த்து என்னையும் தாங்கவேண்டியதாகிவிட்டது. சொன்னதையும், குளிரில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1700களில் பிரெஞ்சு வியாபாரிகள் இந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு வருவார்கள். ஆற்றங்கரையில் இருந்தவர்கள் மிசிசாகா மக்கள், அனிஷினாபே இனத்தின் ஒரு பிரிவினர். வியாபாரி துப்பாக்கி, வெடிமருந்து, துணி, சட்டி பானை எல்லாம் கடனாகக் கொடுத்துவிட்டுப் போவான். இவர்கள் குளிர்காலம் முழுக்க வேட்டையாடி, அடுத்த வருடம் மிருகத் தோல்களோடு வந்து கடனை அடைப்பார்கள். எழுத்து இல்லை, பிணை இல்லை. மிசிசாகா மக்களின் மொழியில் ஆற்றுக்கு 'மிசினிஹி' என்று பெயர். நம்பிக்கை ஆறு என்று கருத்துச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது 'கிறெடிற்' ஆகியது.

எங்கள் ஊர்க் கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கும். அதற்குக் கீழேயே கடன் கொப்பியும் தொங்கும். இங்கே ஒரு சனம் கடன் கொடுத்து வாங்கியதையே நம்பிக்கை என்று ஆற்றுக்குப் பெயராக வைத்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் தமிழிலும் கடன் வெறும் காசு இல்லை. காலைக்கடன், நேர்த்திக்கடன், பிதிர்க்கடன் எல்லாம் கடன்தான். செய்யவேண்டியதற்கும் திருப்பிக் கொடுக்கவேண்டியதற்கும் ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம்.

சரி, அந்த மக்கள் எங்கே?

இந்தக் கேள்விக்கு வர முன்னர் ஒரு சின்ன விஷயம். மிசிசாகா என்ற நகரம் பழையது அல்ல. 1967 இல் பெயருக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒரு பெயர் மிசிசாகா, மற்றது ஷெரிடன். மிசிசாகா வென்றது. 1968 இல் பட்டினம், 1974 இல் மாநகரம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் அப்போது இந்த ஆற்றங்கரையை விட்டுப் போய் 120 வருடமாகியிருந்தது. ஆளில்லாத வீட்டுக்கு அந்த ஆளின் பெயரையே வைத்த மாதிரி.

அவர்கள் போன கதை 1780களில் தொடங்குகிறது. 1787 இல் ரொறன்ரோவை வாங்கியதாக ஆங்கிலேயர் ஒரு உறுதி எழுதினார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால் அந்த உறுதியில் காணியின் எல்லையே இல்லை, வெற்றிடம். தலைவர்களின் அடையாளக் குறிகள் வேறு கடதாசித் துண்டுகளில் இருந்து ஒட்டப்பட்டிருந்தன. இதைச் சரிப்படுத்த 1805 இல் இன்னொரு உறுதி. 250,000 ஏக்கருக்கு மேல், விலை 10 ஷில்லிங். எல்லை முதலில் பேசியதைவிட அகன்றுவிட்டது.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஊரில் ஒருமுறை என்னைக் கூட்டிக்கொண்டுபோய், எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடதாசியில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 2008 இல் அகதி விசாரணையில் "அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டபோது நான் விழித்த முழி ஞாபகத்துக்கு வந்தது. கையெழுத்து வைத்தவனிடம்தான் எப்போதும் விளக்கம் கேட்கிறார்கள், எழுதினவனிடம் இல்லை.

இதற்கிடையில் 1796 இல் வபகினின் என்ற தலைவர் யோர்க்கில், அதாவது இன்றைய ரொறன்ரோவில், கொல்லப்பட்டார். சமன் மீன் விற்க ஆட்களோடு வந்திருந்தவர். இரவில் தன் சகோதரியிடம் வந்த ஒரு படைச்சிப்பாயைத் தடுக்கப்போய் அடிபட்டார், பிறகு இறந்தார். சிப்பாய் மேல் வழக்கு நடந்தது. சாட்சி இல்லை என்று விடுதலை. 1780களில் உறுதிகளில் குறி போட்டவர்களில் இந்த வபகினினும் ஒருவர். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, எங்களுடைய சனத்துக்கு இந்த மாதிரி வழக்குகளின் முடிவு புதிதல்ல.

அடுத்து எங்கள் கால் பட்ட நிலத்துக்கு வருகிறேன். 1805 இல் பேசி 1806 இல் முடித்த இன்னொரு ஒப்பந்தத்தில் ஏரிக்கரையோர நிலத்தைக் கொடுத்தார்கள். எட்டோபிக்கோ ஓடையிலிருந்து பேர்லிங்ரன் பக்கம் வரை, ஏரியிலிருந்து ஆறு மைல் உள்ளே. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கிறெடிற் ஆற்றின் மீன்பிடி உரிமையும், ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொரு மைல் அகல நிலமும் எங்களுக்கு. அந்த ஆறு மைல் எல்லைதான் இன்றைய எக்ளின்ரன் வீதி. டன்டாஸிலிருந்து வடக்கே நாங்கள் பனியில் தாழ்ந்து தாழ்ந்து நடந்த பாதை அந்த ஒதுக்கிவைத்த நிலத்துக்குள்தான் வருகிறது.

வைத்திருந்தது பதினைந்து வருடம். 1818 இல் அதற்கு வடக்கே இருந்த 648,000 ஏக்கர் போனது. 1820 இல் இந்த ஆற்றங்கரை மைல்களும் போயின. மிஞ்சியது 200 ஏக்கர். பாதுகாக்கத்தான் கொடுத்தோம், விற்கவில்லை என்று பிறகு முறையிட்டார்கள். 1780களில் ஐந்நூறு பேரளவில் இருந்த மக்கள் 1820களில் இருநூறு பேரளவுக்கு வந்துவிட்டார்கள். நோய், குடி, பசி. மீனும் போனது. மாவாலைகளுக்கும் மரவாலைகளுக்கும் ஆற்றை மறித்து மறித்துக் கட்டியதில் சமன் மேலே ஏற வழியில்லை. 1898 அளவில் ஒன்ராறியோ ஏரியில் அத்திலாந்திக் சமன் என்ற இனமே அற்றுப்போனது. மீன்பிடி உரிமை கடதாசியில் இருந்தாலும் என்ன பயன். இப்போது இலையுதிர்காலத்தில் இந்த ஆற்றில் துள்ளுகிற பெரிய மீன்களைப் பார்த்துப் படம் எடுக்கிறோமே, அவை பெரும்பாலும் பசிபிக் கடல் இனம், கொண்டுவந்து விட்டவை. அவையும் எங்களைப்போல வந்தேறு குடிகள்தான்.

இந்த இடத்தில் வீட்டு நண்பரின் மகள், "அங்கிள், அவை ஒண்டும் செய்யேல்லையா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எங்களைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

செய்தார்கள். பீற்றர் ஜோன்ஸ் என்று ஒருவர். சொந்தப் பெயர் கஹ்கேவாகோனபி. 1802 இல் பிறந்தார், தாய் மிசிசாகா, தகப்பன் வேல்ஸ் வழிவந்த நில அளவையாளர். (காணி அளக்கிறவரின் மகன் காணிக்காக வாழ்நாள் முழுக்க அலைந்தார் என்பதை என்னவென்று சொல்ல.) மெதடிஸ்ற் கிறிஸ்தவராகி, 1826 இல் தன் மக்களை ஆற்றின் மேட்டில் ஒரு கிராமமாகக் குடியேற்றினார். முதலில் இருபது மரவீடுகள். பிறகு பள்ளிக்கூடம், தேவாலயம், மரவாலைகள். போர்ட் கிறெடிற் துறைமுகக் கொம்பனியில் பெரும் பங்குகூட மிசிசாகா மக்களுடையதாக இருந்தது. சோம்பேறிகள் என்று சொல்லித்தான் காணியைப் பிடுங்கினார்கள், உழைத்துக் காட்டிய பிறகும் உறுதி கொடுக்கவில்லை. 1836 இல் ஆளுநர் பொண்ட் ஹெட் இவர்கள் எல்லோரையும் ஹூரன் ஏரித் தீவான மனிற்றூலினுக்கு அனுப்பப் பார்த்தார். ஜோன்ஸ் எதிர்த்தார். 1838 இல் இங்கிலாந்துக்கே போய் விக்ரோறியா இராணியைச் சந்தித்து எங்கள் காணிக்கு உறுதி தாருங்கள் என்று மனுக் கொடுத்தார். அங்கே சரி என்றார்கள். இங்கே உறுதி வரவேயில்லை. எங்கள் தமிழில் காணிப் பத்திரத்துக்கு 'உறுதி' என்று பெயர் வைத்தவன் பெரிய பகிடிக்காரன்.

அந்தக் கிராமம் இருந்த இடத்தில் இப்போது கோல்ஃப் மைதானம். அங்கத்தவராக இருந்தால் உள்ளே போகலாம்.

அதற்குள் நாங்கள் பேர்ணம்தோர்ப் பாலத்துக்குக் கீழே வந்துவிட்டோம். மேலே கார்கள் போகிற இரைச்சல், கீழே எங்களுடைய மூச்சு. ஸ்ற்றீற்ஸ்வில் இனிச் சரிவராது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ரீச்சர் அக்கா பையைத் திறந்து மிதிவெடியும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் எடுத்தா. இஞ்சி போட்ட தேத்தண்ணி. கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும், கழற்றாவிட்டால் மிதிவெடி சாப்பிட ஏலாது. அண்ணை கையுறையோடேயே சாப்பிட்டார்.

அண்ணையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும்.

2008 இல் நான் அமெரிக்காவுக்கு வந்து பஃபலோவிலிருந்து பாலம் கடந்து ஃபோர்ட் எரி எல்லையில் அகதி கேட்டேன். 2004 கடைசியிலிருந்து அமெரிக்கா வழியே தரையெல்லைக்கு வருபவர்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. ஆனால் கனடாவில் நெருங்கிய உறவு இருந்தால் விடுவார்கள். எனக்கு அம்மாவின் தம்பி இருந்தார். மாமா என்ற உறவு சட்டத்துக்குப் போதும், மாமிக்குப் போதவில்லை. பதினோராம் நாள் நான் குக்ஸ்வில்லில் ஒரு உணவகத்தின் பின்கதவில் பையோடு நின்றேன். அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் அண்ணை. என்ன ஏது என்று கேட்கவில்லை. "பையைக் கொண்டந்து உள்ளுக்கு வையும், நனையுது" என்றார். அன்றிரவு தன் பேஸ்மென்ற் அறையில் தரையில் மெத்தை போட்டுத் தந்தார். ஐந்து மாதம். வாடகை எடுக்கவில்லை. ஏஜென்சிக் காசின் கடைசித் துண்டுக்கு 3,500 டொலர் கைமாத்தாகத் தந்தார். காசை நான் 2011 இல் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதம் அந்தக் கணக்கில் இல்லை.

இப்போது எனக்கு வீடு இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு பேஸ்மென்றும் இருக்கிறது. 2023 கடைசியில் அண்ணை இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார் என்று எடுத்தார். "உன்ரை கீழை ஆரும் இருக்கினமோ தம்பி?" என்றார். கேட்டது அவ்வளவுதான். நாங்கள் அப்போதுதான் படிக்க வந்த மூன்று பொடியளுக்குக் கொடுக்கப் பேசியிருந்தோம், இன்னும் கையெழுத்து ஆகவில்லை. வட்டி வீதம் ஏறி மோட்கேஜ் கழுத்தை நெரித்த நேரம். மூன்று பேரின் வாடகை ஒரு கிழவனின் வாடகையைவிட எவ்வளவு கூட என்று நான் கணக்குப் பார்த்தேன். பார்த்தது உண்மை. "பாப்பம் அண்ணை" என்றேன். எங்கள் தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பிறகு பிறம்ரனில் யாரோ வீட்டில் ஒரு அறைக்குப் போனார். அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. நடைக்குக் கூப்பிட்டால் வருகிறார்.

பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டு நான் 1847 ஐச் சொல்லத் தொடங்கினேன்.

உறுதி கிடைக்காது, சுற்றிவர வெள்ளைக்காரக் குடியேற்றம், விறகுக்குக்கூட மரம் இல்லை. போவதென்று முடிவெடுத்துவிட்டார்கள். தலைமைத் தலைவராக இருந்தவர் ஜோசப் சோயர், ஜோன்ஸின் தாய்மாமன். முதலில் வடக்கே ஹூரன் ஏரிப் பக்கம் போகத்தான் எண்ணம். போய்ப் பார்த்தால் அது கல்லுத் தரை, விதைக்க முடியாது. இருந்த இடத்திலும் இருக்க முடியாது, போகிற இடமும் இல்லை. அப்போதுதான் சிக்ஸ் நேஷன்ஸ் மக்களிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கள் காணியில் ஒரு பகுதியைத் தருகிறோம், வாருங்கள் என்று.

இவர்கள் யார்? இரோகுவா என்று நாங்கள் படித்த, ஆறு இனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. (தமிழில் எண்ணுக்கும் ஆறு, ஓடுகிற தண்ணிக்கும் ஆறு என்பதால் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.) இவர்களுக்கும் மிசிசாகா மக்களுக்கும் 1600களின் கடைசியில் பெரும் சண்டை நடந்தது. ஒன்ராறியோ ஏரியின் வடகரையிலிருந்து இவர்களைத் துரத்திவிட்டுத்தான் அவர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். 1701 அளவில் சமாதானம். பிறகு அமெரிக்க சுதந்திரப் போர். சிக்ஸ் நேஷன்ஸில் பலர் பிரித்தானியர் பக்கம் நின்றார்கள். 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரித்தானியர் தங்களுக்காகச் சண்டை பிடித்த இந்த மக்களைப் பற்றி ஒரு வரி எழுதாமல், அவர்களின் நியூயோர்க் நிலங்களையும் சேர்த்து அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். நயாகராவில் ஆயிரக்கணக்கில் அகதிகள். முகாமும் நிவாரணமும்.

1784 மே மாதம் மிசிசாகா தலைவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். பழைய எதிரிகளை இருத்துவதற்காக, இரண்டு ஏரிகளுக்கு இடையிலான நிலத்தை முடிக்குரிய அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 30 இலட்சம் ஏக்கர் அளவு, 1,180 பவுண் பெறுமதியான பொருட்களுக்கு. அந்த நிலத்திலிருந்துதான் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்தை ஆளுநர் ஹால்டிமன்ட் சிக்ஸ் நேஷன்ஸுக்கு எழுதிக்கொடுத்தார். மிசிசாகாக்கள் இதை விற்பனையாக நினைத்தார்களா, சேர்ந்து புழங்க இடம் விடுவதாக நினைத்தார்களா என்பது வேறு கதை. நான் வாசித்தவரை இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அகதியாக வந்து நின்றவனுக்கு இடம் விட்டார்கள் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

1847 இல் மிசிசாகாக்கள் தாங்களே போக்கிடம் இல்லாமல் நின்றபோது சிக்ஸ் நேஷன்ஸ் தலைவர்கள் நினைவுகூர்ந்தது அந்த 1784 ஐத்தான். ஹேகர்ஸ்வில் பக்கத்தில் 4,800 ஏக்கர் விட்டுக்கொடுத்தார்கள். நான் இதை டொனால்ட் ஸ்மித் பீற்றர் ஜோன்ஸைப் பற்றி எழுதிய 'சேக்ரட் ஃபெதர்ஸ்' என்ற புத்தகத்தில் முதலில் வாசித்தபோது, இரவு ஒரு மணி, குசினி மணம் இன்னும் கையில் இருந்தது, எழும்பிப்போய் முகம் கழுவினேன்.

கதை முழுக்கத் தேனும் பாலும் இல்லை. 1900களின் தொடக்கத்தில் அந்தக் காணிக்காகக் காசும் கைமாறியது. அயலுக்குள் வருகிற காணிப் பேச்சுகள் அவர்களுக்குள்ளும் வந்தன, எங்களுக்குள் வராததா. ஆனாலும் அவர்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். போர்ட் டோவர் ஏரிக்கரைக்குப் போகிற வழியில்தான் ஹேகர்ஸ்வில். கோடையில் இறால் வாட்டப் போகிற எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அதைத் தாண்டிப் போயிருப்போம். புதிய இடத்துக்கு 'நியூ கிறெடிற்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே கிறெடிற் ஆறு இல்லை. ஆற்றின் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள், தங்கள் பெயரை இங்கே நகரத்துக்கு விட்டுவிட்டுப் போனார்கள். சில வருடங்களுக்கு முன்னர் 'நியூ' வையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கிறெடிற்றின் மிசிசாகா மக்கள் என்றே பெயர். ஸ்காபுரோ மண்டபங்களில் எங்கள் ஊர்ச் சங்கங்கள் வருடாந்த ஒன்றுகூடல் வைக்கிறபோது எனக்கு இது ஞாபகம் வரும். வசாவிளானில் எங்கள் காணிக்குள் 1990 ஆனி மாதத்துக்குப் பிறகு நான் கால் வைத்ததில்லை. பெயரை மட்டும் பனரில் கட்டி வைத்திருக்கிறோம்.

ரொறன்ரோவுக்குக் கொடுத்த அந்த 10 ஷில்லிங்குக்கு 2010 இல் கனடா அரசாங்கம் இவர்களுக்கு 14 கோடி 50 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தது. பேர்லிங்ரன் பக்கத்து இன்னொரு காணி வழக்கும் அதற்குள் அடக்கம். 205 வருடம். இன்றைக்கு ரொறன்ரோவில் அந்தக் காசுக்கு என்ன வரும் என்று வீட்டு நண்பர் அங்கேயே நின்று கணக்குப் பார்த்தார். ஒன்றிரண்டு உயர்மாடிக் கட்டடத்துக்குக் காணாது என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எங்கள் ஆட்கள் மேடைகளில் 'கனடாவுக்கு நன்றிக்கடன்' என்று அடிக்கடி பேசுகிறார்கள். நானும் கை தட்டியிருக்கிறேன். 1986 இல் நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு படகில் தத்தளித்த 155 தமிழரைத் தூக்கிய மீனவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கனடா என்ற முகவரிக்கு அனுப்புகிற நன்றி யார் வீட்டுக் கதவுக்குப் போகிறது என்று மட்டும் யோசிக்கிறேன். ஹேகர்ஸ்வில்லுக்குப் போவதில்லை.

எல்லாம் சொல்லி முடிய அண்ணை மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் காலை உதைத்து உதைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எத்தினை வருசம் கழிச்சுக் குடுத்தவை?" என்று கேட்டார்.

"84 இலையிருந்து 47... அறுபத்து மூண்டு வருசம் அண்ணை."

"குடுத்தவையும் செத்திருப்பினம், வாங்கினவையும் செத்திருப்பினம்."

"ஓம்."

"பிள்ளையளுக்குச் சொல்லி வைச்சிருக்கினம் போலை." பிறகு மிதிவெடியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "வட்டி கேட்கேல்லையோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதில் எனக்கென்று ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் அப்படி ஒளித்துப் பேசுகிற ஆள் இல்லை.

திரும்பி வரும்போது தடத்தைக் காற்று மூடியிருந்தது. அண்ணை ஹொக்கி மட்டையை ஊன்றி முன்னுக்கு நடந்தார், அவர் வைத்த அடியில் நான் அடி வைத்து வந்தேன். ஒரு இடத்தில் நான் இடுப்பளவு தாழ்ந்துபோக, அவர்தான் மட்டையை நீட்டி இழுத்துவிட்டார்.

அவரைப் பிறம்ரனில் இறக்கிவிட்டேன். வீட்டின் பக்கக் கதவால் இறங்குகிற படி. படியில் பனி அள்ளியிருக்கவில்லை. நான் சவலை எடுத்து அள்ளினேன். "விடு தம்பி, ரோட்டு உறையமுன்னம் வெளிக்கிடு" என்றார். ஏழு படி. அந்த ஐந்து மாதத்தில் நான் ஏறி இறங்கிய குக்ஸ்வில் படியும் ஏழுதான், எண்ணியிருக்கிறேன்.

கீழே இருக்கிற பொடியளுக்குச் சித்திரையோடு படிப்பு முடிகிறது, காலி செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மனுசியோடு இன்னும் கதைக்கவில்லை. நாளைக்குக் கடை, இரவு பன்னிரண்டாகும். புதன்கிழமை எனக்கு நேரத்தோடு முடியும்.